மைனஸ் பதினோரு டன்

நாலு எழுத்துகூடத் தட்டி முடிக்கவில்லை,
அதற்குள் அடியில் நெளிகிறாய்
சிவப்பாக, மண்புழு மாதிரி.

பொறு.
வாக்கியம் இனிமேல்தான் வரப்போகிறது.
வாயைத் திறந்ததுமே
'இப்படி ஒரு சொல் கிடையாது' என்றால்
யார்தான் பேசி முடிப்பது?

நான் எழுதுவதற்கும் கோடு என்றுதான் பெயர்,
நீ இழுப்பதற்கும்.

திருநகர் மூன்றாவது ஸ்டாப்.
மாடியில் ஒற்றை அறை, இரவு பதினொன்றே கால்.
ஃபேனை மூன்றில் வைத்தால் கதறுகிறது,
இரண்டில் வைத்தால் கீபோர்டில் வியர்வை சொட்டுகிறது.
கப்பலூர் எடைமேடைக்கு ஒரு புரோகிராம்.
லாரி சரக்கோடு ஏறும், ஓர் எடை.
கொட்டிவிட்டு வெறும் வண்டியாக ஏறும், இன்னோர் எடை.
கழித்தால் சரக்கு.
மூன்றாம் வகுப்புக் கணக்குதான்;
எனக்கு இருநூற்றுப் பன்னிரண்டு வரி ஆகிறது.

பிராக்கெட்டைத் திறந்தால்
மூடுகிறவரை முறைக்கிறாய்.
எண் வரவேண்டிய இடத்தில் எழுத்தை வைத்துவிட்டால்
பந்தியில் இலையைத் திருப்பிப் போட்ட மாதிரி
அப்படியொரு கோபம்.
'எடை' என்று பெயர் வைத்துவிட்டு
பத்து வரி தள்ளி 'எதை' என்று தட்டினேன்.
எதை, எதை என்று
நீயும் விடாமல் கேட்டாய்.
சில நேரம் மஞ்சள் பல்பு ஒன்றைக் காட்டி
இதைத்தானே சொல்லவந்தாய் என்கிறாய்.
இல்லை.
கொஞ்சம் யோசித்தால், ஆமாம்.

பழகிவிட்டது.
தம்பிக்கு வாட்ஸ்அப்பில்
'நல்லா இருக்கேன்' என்று போட்டுவிட்டு
அதன் அடியைப் பார்த்தேன்.
சுத்தமாக இருந்தது.

ஒன்று நாற்பதுக்குக் கடைசிப் புழுவும் செத்தது.
பரங்குன்றம் தாண்டி ஏதோ ஒரு ரயில்.
திரையின் கீழோரத்தில்
பிழை பூஜ்யம், எச்சரிக்கை பூஜ்யம்.
பசித்தவள் இரண்டு இட்லியைப் பார்ப்பதுபோல்
அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
அனுப்பினேன். தூங்கிப்போனேன்.

காலை ஆறு இருபது.
எடைமேடையிலிருந்து ஜெயசீலி:
'அக்கா, பவுன்ராஜ் அண்ணன் ஜல்லி கொட்டிட்டு வந்து நிக்கிறாரு.
சீட்டுல மைனஸ் பதினோரு டன்னுனு வருது.'
போன் கை மாறியது. பின்னால் எஞ்சின் உறுமல்.
'ஏம்மா, அப்ப நான் ஏத்தியாந்தது
ஜல்லியா, குவாரிப் பள்ளமா?'

எண்பத்தெட்டாம் வரி.
வெறும் வண்டியிலிருந்து
சரக்கு வண்டியைக் கழித்திருக்கிறேன்.
இரண்டும் எண்.
பெயர் இரண்டும் சரி.
பிராக்கெட் மூடியிருக்கிறது.
குளித்துப் பொட்டு வைத்துக்கொண்ட வரி,
அதன் அடியில் நீ இல்லை.

உன்னைச் சொல்லிக் குற்றமில்லை.
உனக்கு இலக்கணம் தெரியும், லாரியைத் தெரியாது.
பாரம் ஏறும்போது மேடை முனகுவதும்
இறக்கிய பின் டயர் நிமிர்வதும்
நீ எங்கே பார்த்தாய்.
நானும்தான் போய்ப் பார்க்கவில்லை,
பஸ்ஸில் இருபது நிமிஷம்.

இரண்டு சொல்லை இடம் மாற்றினேன்.
மாற்றி முடிப்பதற்குள்
ஒருமுறை நெளிந்து அடங்கினாய்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

புதுச் சீட்டு சரியாக வந்தது.
பழையதை பவுன்ராஜ் கிழிக்கவில்லையாம்.
முன்கண்ணாடியில்,
எலுமிச்சம்பழம் தொங்குகிற கயிற்றுக்குப் பக்கத்தில்
சொருகி வைத்திருக்கிறாராம்.
கேட்டால்,
அதை இன்னும் இறக்கவில்லை என்கிறாராம்.