பதினொன்று

செவ்வாய்க்கிழமை மதிப்பீடு இலவசம்.
டிரிஃபீல்ட் ஏலக்கூடத்தின் பின்னறையில்
ஹீட்டர் ஒரு பக்கம் மட்டும் சுடும்.
திர்சா அவுத்வெய்ட் கையுறை கழற்றாமலே
பெட்டியை என் பக்கம் தள்ளினார்:
"மாமனார் வீட்டு வெள்ளி.
ஜார்ஜ் மன்னர் காலத்தது."

எந்த ஜார்ஜ் என்று நான் கேட்பதில்லை.
வீட்டுக்கு வீடு ஒரு ஜார்ஜ் இருக்கிறார்.

நீல வெல்வெட் பள்ளங்களில்
பன்னிரண்டு சூப் கரண்டிகள்.
முதலாவதைக் குப்புறப் போட்டேன்.
காம்பின் முதுகில் நான்கு குட்டிக் கேடயங்கள்,
எட்ட நின்றால் அசல் வெள்ளியின் முத்திரை.
லென்ஸை வைத்தால்
ஈ, பி, என், எஸ்.
மின்முலாம் என்று ஒப்புக்கொள்ளும் எழுத்துகள்
சிங்கம் நிற்கவேண்டிய இடத்தில்
விறைப்பாக நிற்கின்றன.
பொய் சொல்லவில்லை அவை.
நாமாக ஏமாந்தால் தடுப்பதுமில்லை.

ஓரத்தில் ஒரு கிரீடம்.
ஷெஃபீல்டில் அது அசலுக்கு உரியது;
முலாம்காரர்கள் குத்தக்கூடாதென்று
தொண்ணூறுகளில் நிறுத்திவிட்டார்கள்.
ஆக, அதற்கு முன்.
'இங்கிலாந்து' என்ற சொல்லும் இல்லை,
இன்னும் கொஞ்சம் முன்.
விக்டோரியா ராணி கறுப்பு உடுத்தியிருந்த காலம்.

செய்தவர் ஹாட்டர்சிட்ஜ்.
முதலெழுத்துதான் சிக்கல்: ஈயா, எஃபா?
கீழ்க்கோடு தேய்ந்திருந்தது.
ஈபனேசர், ஃபிரெடரிக்,
பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி,
ஒரே தெருவில் எதிரெதிர்ப் பட்டறை.
தம்பி செய்ததென்றால் ஐந்து பவுண்டு குறையும்.

வேறு வழியில்லை, ஒவ்வொன்றாகத் திருப்பினேன்.
ஏழாவதில் கீழ்க்கோடு பிழைத்திருந்தது.
ஈபனேசர்.
அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

வலக்கைக்காரர் கிண்ணத்தை வழித்தால்
கரண்டி நுனியின் இடது ஓரம் தேயும்,
வெள்ளி போய் அடியிலிருக்கும்
மஞ்சள் சாம்பல் தெரியும்.
பதினொன்றுக்குச் சோற்றுக்கை வலது.
ஒன்பதாவது மட்டும்
மறுபக்கம் தேய்ந்திருந்தது, ஆழமாக.
காம்பு நுனியில் ஊசியால் கீறிய கோடு,
இருட்டிலும் விரல் கண்டுபிடிக்கிற மாதிரி.

பேச்சுக்குச் சொன்னேன்:
"வீட்டில் யாரோ இடக்கைக்காரர்."

"அவுத்வெய்ட் வீட்டிலா? விடமாட்டார்களே.
ஹெட்லிக்கு ஆறு வயதில்
அந்தக் கையை நாற்காலியோடு கட்டிப்போட்டுத்தான்..."

நின்றுவிட்டார்.

"நாற்பத்தொரு வருஷம்.
சுத்தியல் வலது. பேனா வலது,
கையெழுத்து மட்டும் கோழி கிளறினது போல.
ராத்திரி இரண்டு மணிக்குச்
சமையலறை விளக்கு எரியும்.
ஆறின சூப்பை நின்றுகொண்டே குடிப்பார்.
நான் வந்தால் அணைத்துவிடுவார்.
பசி என்று நினைத்தேன்."

ஹீட்டர் டிக் டிக் என்றது.
கையுறையைக் கழற்றினார்.
ஒன்பதாவதை எடுத்துக்
கைக்குட்டையில் சுற்றி, பைக்குள் போட்டார்.

பன்னிரண்டு என்றால் நாற்பது பவுண்டு.
ஒன்று போனால் பாதிகூடத் தேறாது.
சொல்வது என் வேலை, சொன்னேன்.
"எழுதுங்கள்" என்றார்.

எழுதினேன்:
சூப் கரண்டி, மின்முலாம்,
ஈ. ஹாட்டர்சிட்ஜ், ஷெஃபீல்ட்,
சுமார் ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தைந்து,
அசல் பெட்டியுடன், பதினொன்று.
குறை இருந்தால் குறிப்பிடவேண்டும் என்பது விதி.
ஒரு பள்ளம் காலி.

"அப்போ எந்த ஜார்ஜ்?"
"எந்த ஜார்ஜும் இல்லை, மேடம்."

வாசலில் ஒரு கணம் நின்று
பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார்.
கதவைத் திறக்கத்தான்.