போ என்கிற வினை

மட்கோ சந்தியில் ஃபோன் கடைக்கு மேல்மாடி.
பதினேழு பேர், ஒரு மின்விசிறி.
லலந்த சேர் பலகையில் எழுதுகிறார்:
இன்றைக்கு ‘தே’.

ஒன்றைச் செய்து, அடுத்ததைச் செய்து,
அதற்கடுத்ததையும் செய்து என்று
கோர்த்துக்கொண்டே போகலாமாம்.
காலம் எதுவென்று கடைசி வினைதான் சொல்லும்.
அதுவரைக்கும் எல்லாம்
நேற்றாகவும் இருக்கலாம், நாளையாகவும்.

இதென்ன பெரிய வேலை என்கிறாள் கிண்ணியா சம்ஹா.
எழும்பி, தொழுது, பிளேன்டீ குடிச்சு, பாலத்தால வந்து
எண்டுதானே பிறந்ததிலிருந்து கதைக்கிறம்.
சிங்களத்திலும் அப்படியே என்கிறான் கந்தளாய் இந்துனில்.
இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து ரொஷான் மட்டும் முழிக்கிறான்.

குடித்து என்பதற்கு ‘நொந்தே’.
வகுப்பே சிரித்தது.
குடிச்சு நொந்தவை எங்கட ஒழுங்கையில நாலு பேர், சேர்.

பராமரிப்புப் பாடம், இருபத்திரண்டாம் பக்கம்:
கைகழுவி, கையுறை போட்டு,
பெயர் சொல்லிக் கூப்பிட்டு,
கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தி,
முதல் கரண்டியை உதட்டில் தொட்டுக் காட்டி,
விழுங்கும்வரை பார்த்திருந்து.
ஒசாக்காவில் யாரோ ஒருவரின் தகப்பனுக்கு
வரிசை பிசகாமல் செய்வேன்.

பிறகு விதி. ‘கு’ போய் ‘இ’ வரும்.
எழுதி, கைத்தே. நடந்து, அருயித்தே.
‘இக்கு’ மட்டும் அடங்காது.
ஈத்தே என்று வரவேண்டியது இத்தே என்று வரும்.
இக்கு என்றால் போ.
ஏன் சேர் அது மட்டும்?
காரணம் இல்ல. பாடம் பண்ணுங்க.

2007இல் கச்சேரியில் அம்மா சொன்ன வாக்கியம்:
விடிய எழும்பி, சைக்கிளுக்குக் காத்தடிச்சு,
பிள்ளைக்குப் பென்சில் சீவிக் குடுத்து,
சீனன்குடாப் பக்கம் போய்

போய்?
எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார்.
அம்மாவிடம் அடுத்த வினை இல்லை.
அவரே ஒன்றை எழுதினார்: காணாமல் போயுள்ளார்.
அம்மா கையெழுத்து வைக்கவில்லை.
எச்சத்தில் நிற்கிற மனிதனுக்கு
முற்று வைக்க நீர் ஆர் என்று
கேட்க அவளுக்கு இலக்கணம் தெரியாது.
‘போய்’ எண்டதோட விடுங்கோ என்றாளாம்.

நாலரைக்கு, மூடப்போகும்போது, சேர் சொன்னார்:
வசனத்தை ‘தே’யிலேயே நிப்பாட்டினாலும் பிழை இல்ல.
அப்ப அது கேக்கிறது.
மித்தே, பாரேன்.
மத்தே, கொஞ்சம் நில்லேன்.
கஎத்தே கித்தே, திரும்பி வாவேன்.

கொப்பியில் எழுதினேன். எழுதி, அடிக்கோடிட்டு,
மறுபடியும் அடிக்கோடிட்டு.
தாள் கிழியுது பார் என்றான் ரொஷான்.

பஸ் நிலையத்தில் மான்கள்
யாரோ எறிந்த பழத்தோலைத் தின்று,
டீசல் புகைக்கு மூக்கைச் சுளித்து,
நிலாவெளி பஸ்ஸுக்கு முன்னாலேயே படுத்துவிட்டன.
நடத்துனர் தகரத்தில் தட்டிக் கத்துகிறார்.
ஒன்றுகூட அசையவில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்வதா, விடுவதா.
சோதனை இருபத்தாறாம் திகதி.