தமிழுக்கு இரண்டு அங்குலம்

பிராஸ் பசா காட்சிக்கூடத்தில்
நான்கு மொழியிலும் பலகை வேண்டுமாம்.
ஆங்கிலத்தில் ஐந்து சொல்.
சீனத்தில் எண்ணி எட்டு எழுத்து.
"உங்கள் மொழி சுவரைத் தாண்டுகிறது" என்றார்
வடிவமைப்பாளர் வெய் ஷான்,
கோபமில்லாமல், அளவுகோலைக் காட்டி.

வாசகம் எளியது, பனியனில்கூட அச்சடிக்கிறார்கள்:
நாங்கள் இருப்பதால் நான் இருக்கிறேன்.
எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.
யார் அந்த நாங்கள்?
எதிரே நின்று படிப்பவரை
வெளியே விட்டுக் கதவைச் சாத்தும் சொல் அது.
அடித்துவிட்டு
நாம் என்று போட்டேன்.
நாம் உடனே பல்லைக் காட்டியது,
தேசிய தினச் சுவரொட்டி மாதிரி.

மலாய்ப் பலகை ஸுரைதாவுடையது.
கூப்பிட்டு, "கித்தாவா, காமியா?" என்றேன்.
அந்தப் பக்கம் வெகுநேரம் சிரிப்பு.
"மூணு நாளா அதுதான். தூக்கமே இல்லை."

ஒவெர்ரிக்காரன் உசோமா
(காட்சி அவனுடையது; எதையும் நின்றபடியே தின்பவன்)
சொன்னான்: "எங்கள் இக்போவில் ஒரே சொல். தப்பித்தோம்."
எங்கள் என்பது என் மொழிபெயர்ப்பு.
"அந்தப் பழமொழி பிறந்த தெற்கிலோ
உன் சிக்கலே கிடையாது.
மனிதர் மனிதரால் மனிதர். அவ்வளவுதான்.
'நாம்' நடுவழியில் ஏறிய பயணி."

பிறகு,
ஒரு கண்டத்துக்கே ஒரு வாசகம்தானா என்று
என்மேல் எரிந்து விழுந்து
படங்களை எடுத்துப் போட்டான்.
ம்பாரி. மண் வீடு.
வேலிக்குள் அடைந்து மாதக்கணக்கில்
ஊரார் பிசைந்த உருவங்கள்:
பூமித்தாய், யானை,
தையல் மெஷினோடு ஓர் ஆள்,
தொப்பி வைத்த வெள்ளைக்கார அதிகாரி.
வேலியைப் பிரிக்கும் நாளில் விருந்து.
அப்புறம் ஒருவரும் கூரை மாற்ற வரமாட்டார்கள்.
மழை எடுத்துக்கொள்ளும்.

"அப்படியானால் உன் கூடத்தில் என்னதான் இருக்கிறது?"
"குளிர்சாதனம்" என்றான்.

அன்றிரவு தோ பாயோவில்
எங்கள் புளோக்கின் கீழே வெள்ளைக் கூடாரம்.
ஒன்பதாம் மாடி மிஸ்டர் குவெக்.
முகம் நினைவில்லை.
நான் ஓடி வரும்வரை
லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பிடித்த விரல் நினைவிருக்கிறது.
ஒரு நாற்காலியை எனக்காக இழுத்தார்கள்.
வேர்க்கடலை, பொட்டலப் பானம்,
போகும்போது ஒரு சிவப்பு நூல்.
வீடு சேருமுன் எறிந்துவிட வேண்டுமாம்.
பிணமும் நானும் ஒரே கூரையின் கீழ்;
எங்கே எறிய?
போன சனிக்கிழமை
இதே தரையில் கொம்பாங் முழங்கியது,
மாப்பிள்ளை இந்தத் தூணருகேதான் வியர்த்து நின்றான்.

புதன்கிழமை கூடாரம் இல்லை.
கழுவிவிட்ட தண்ணீர்
மெழுகுச் சொட்டுகளைச் சுற்றிக்கொண்டு ஓடியது.
உசோமாவிடம் நான் சொல்லவில்லை.
சொன்னால் இதையும் படம் பிடித்து மாட்டுவான்.
நூல் இன்னும் கைப்பையில்.

பலகை மாட்டும் நாள்.
நாம் என்றே விட்டிருந்தேன்.
எழுத்து குறைந்ததில் வெய் ஷானுக்கு நிம்மதி,
எனக்கு இல்லை.
ஏணிமேல் நின்றவர் மருதையன், அரியலூர்ப் பக்கம்.
சட்டை முதுகில் கம்பெனியின் பெயர்.
திருகாணியைப் பல்லிடுக்கில் வைத்தபடி
எழுத்துக் கூட்டாமல் படித்தார்.
அந்தச் சுவர்த்தமிழுக்கு முதல் வாசகர்.

"நாம்னா யாருக்கா? நம்மளும் சேத்தியா?"

நம்மளும் என்றார்.
நானும் என்று கேட்கவில்லை.

பதிலுக்கு நான் வாய் திறப்பதற்குள்
ரசமட்டத்தை விளிம்பில் வைத்து
"இடப்பக்கம் கொஞ்சம் தூக்குங்க" என்றார்.

தூக்கினேன்.
குமிழி நடுக்கோட்டுக்கு வந்தது,
வந்தும்
நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.