கல் மரக்கால்

முத்துப்பேட்டை ஹபீபு சிங்கப்பூரிலிருந்து வந்தவன்
தைலத்தோடும் டார்ச் லைட்டோடும்
ஒரு டப்பாவைக் கொடுத்தான்.
திறந்தால் உள்ளே
பொன்பச்சையில் சுருள் சுருளாய்க் கம்பிகள்.
கழற்றிய மெட்டிகளை யாரோ
வெயிலில் காயவைத்து மறந்துபோனதுபோல.

"பூச்செடியோட தண்டு இது, அக்கா.
ஆர்க்கிட்.
கல்யாண மேடையில ஊதாவா சொருகுவாங்களே, அந்தச் சாதி.
சீனாக்காரர் மருந்துக் கடையில
வாய் வறட்சின்னு சொன்னேன்,
சின்னத் தராசுல நிறுத்துக் குடுத்தார்."

வறண்டது என் வீட்டுக்காரர் வாய்.
தஞ்சாவூரில் முப்பத்து மூன்று நாள்
தாடைக்குக் கரண்டு வைத்தார்கள்.
கட்டி போயிற்று, எச்சிலும் கூடவே போயிற்று.

முள்ளியாற்று மதகில் லஸ்கர் அவர்.
இருபத்தாறு வருஷமாய்
ஊர் ஊருக்குத் தண்ணீரை அளந்துவிட்ட மனுஷன்
ஒரு வாய்ச் சோறு இறங்க
மூன்று டம்ளர் கேட்கிறார்.
தொண்டையைத் தொட்டுக் காட்டி
"கடைமடை" என்கிறார்.
அதற்குமேல் நாக்கு
மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

டப்பாவின்மேல் ஒரு மலை, மலைக்குக் கீழே
எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து.
கடைக்காரர் சொன்னதை ஹபீபு சொன்னான்:
மண் வேண்டாமாம் அதற்கு.
பாறை இடுக்கில், மரப்பட்டையில் தொற்றி
பனியைக் குடித்துப் பிழைக்குமாம்.
காய்ந்த இடத்தில் ஈரத்தைப் பிடித்துவைப்பது
காய்ந்த உடம்புக்கும் ஈரம் கொடுக்கும்,
அது அவர்கள் கணக்கு.
வயிற்றுச் சூட்டுக்குக் கொடுப்பார்களாம்.
காய்ச்சல் விட்ட பிறகும் விடாத தாகத்துக்கு.
கண் மங்கினாலும் இதுதானாம்.

பேர் என்ன என்றேன்.
ஷீஹூ.
முன்பாதி கல்,
பின்பாதி தானியம் அளக்கிற ஏதோ பழைய படி.

கல் மரக்கால்!
சிரித்துவிட்டேன்.
நெல்லளக்கிற ஊருக்கு
மருந்தும் மரக்காலாய்த்தான் வரவேண்டுமா?

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ஆராய்ச்சி பண்றாங்க. உறுதியா எதுவும் சொல்றதுக்கில்ல.
நம்ம மாத்திரைய நிறுத்தாதீங்க.
வயிறு கலங்கினா விட்டுடுங்க.
சீட்டுல எழுத மாட்டேன்."

எழுதாத மருந்தைச் சிறுதீயில் வைத்தேன்.
ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை.
பிறகு மெட்டி மெல்ல நெளிந்து
விரலாய் நீண்டது.
நனைந்த வைக்கோல் வாசம்.
தண்ணீர், வெண்டைக்காய் நறுக்கிய கத்திபோல்
வழவழத்தது.
இனிப்பு என்று நினைத்தால் இனிப்பு.
அவருக்கு ருசியே இல்லை, அதனால் சண்டையும் இல்லை.
தண்டையும் விடாமல் மென்றார்,
பால் வற்றிய ஆட்டைக் கறப்பவர்போல.

வைகாசி.
ஆற்றில் மணலும் நெய்வேலிக் காட்டாமணக்கும்தான்.
ஷட்டர் பல்சக்கரத்துக்கு கிரீஸ் வைக்கப் போனார்,
நானும் டப்பாக்கட்டையோடு போனேன்.
மதகோரத்து இலுப்பையில்
தடித்த இலை, காற்றில் தொங்கும் வெள்ளை வேர்.
புல்லுருவி என்று
வருஷம் தவறாமல் அரிவாளால் சீவுவார்.
அன்றைக்குப் பூத்திருந்தது,
வைக்கோல் நிறத்தில் பழுப்புக் கட்டம்போட்டு
ஹபீபு கைலிபோல.

"இதுவும் அந்தச் சாதியா இருக்குமோ?" என்றேன்.
அண்ணாந்து பார்த்தார், வெகுநேரம்.
மரத்தைக் குடிக்கவில்லை அது,
வேர் மரத்துக்குள்ளேயே போகவில்லை.
இத்தனை வருஷம் இதைக் கவனிக்காமலா வெட்டினோம்!
இது எதற்கு மருந்து, மருந்துதானா,
எங்கள் இருவருக்கும் தெரியாது.
அரிவாள் சைக்கிளிலேயே இருந்தது.

பதினொன்றாம் நாள்
மதகு ரெஜிஸ்டரில் வரத்துக் கட்டத்தில்
பென்சிலால் எழுதியிருந்தார்: கசிவு.
மேட்டூர் இன்னும் திறக்கவில்லை.
கசிந்தது தண்டாலா, நாளாக ஆக உடம்பு
தானே ஊறியதா?
கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்.

அன்று ராத்திரி ஒரு இட்லியில் பாதியைத்
தண்ணீர் இல்லாமல் தின்றார்.
மீதிக்குக் கேட்டார்.
கொடுத்தேன்.