‘ர’ இல்லாத நான்கு மாதங்கள்

நவம்பர் கடைசியில் வார்டோவை விட்டுப்
போய்விடும் சூரியன்.
“லீவு போட்டுடுச்சு” என்பாள் யோருன்.
ஏழு வயது. முன்பல் இரண்டு இல்லை.

எங்கள் கடற்கரையில் ஒரு கணக்கு உண்டு:
பெயரில் ‘ர’ ஒலிக்கும் மாதமெல்லாம்
காலையில் ஒரு கரண்டி மீன் எண்ணெய்.
செப்டம்பரில் பிடித்தால் ஏப்ரலில்தான் விடும்.
மாய், யூனி, யூலி, ஆகுஸ்ட்.
இந்த நான்கையும்
விரல் மடக்கி வைத்துக்கொண்டு
மீதி எட்டு மாதமும் அலைவாள்.

நான் காட் மீனின் வயிற்றைக் கிழிக்கிறவன்.
ஈரலுக்கு ஒரு வாளி, முட்டைக்கு ஒரு வாளி,
தலைகள் வேறு பக்கம்.
அந்த ஈரல் வாளி எங்கே போகிறதென்று
எனக்குத் தெரியும்.
புட்டியில் எலுமிச்சம்பழம் வரைந்தவனை
ஒருநாள் பார்க்க வேண்டும்.

காலை ஏழு மணி, ஜன்னலில் நடுநிசி.
அவள் அம்மா நண்டுப் படகில், பத்து நாளாக.
கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு
பூட்ஸ் கயிறு கட்டக் குனிவேன்.
நிமிர்ந்தால் கரண்டி காலி.
“குடிச்சாச்சு.”
நம்பினேன்.
பஸ்ஸுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது
எதையும் நம்பலாம்.

டிசம்பரில், பள்ளியின் பதினேழு படிகளில்
ஒன்பதாவதில் உட்கார்ந்துவிட்டாளாம்.
“கால் வலிக்குது. வெளியே இல்ல, உள்ளே.”
நர்ஸ் ஓத்தில் ஊசி ஏற்றினாள்.
போன ரத்தம்
ஒரு சின்ன எண்ணாகத் திரும்பி வந்தது.

“எண்ணெய் கொடுக்கிறீங்களா?”
“தினமும்.”
“தினமுமா?”
“தினமும்னு சொன்னேனே!”
குரல் உயர்ந்ததை
சுவரில் ஒட்டியிருந்த காகிதப் பற்கள்கூடக் கேட்டன.

அன்று இரவு மடியில் ஏறியது சில்ட்.
பதினோரு வயதுக் கிழப்பூனை.
போன குளிரில் சோபாவெல்லாம்
முடி உதிர்த்துக்கொண்டு திரிந்தது.
இப்போது தடவினால் கை வழுக்குகிறது.
மெழுகு தேய்த்த மரம் போல் முதுகு,
விளக்கடியில் மினுக்குகிறது.
கொட்டாவி விட்டது.

எலுமிச்சை வாசனை.

கத்தியிருப்பேன்.
ஆனால் முப்பது வருடத்துக்கு முன்
பின்கதவைத் திறந்து பனியில் துப்பியவன் நான்.
வெள்ளையில் மஞ்சளாகக் கிடந்த புள்ளிகளுக்கு
பக்கத்து வீட்டு நாய்தான்
ஒரு குளிர்காலம் முழுக்க ஏச்சு வாங்கியது.

மறுநாளிலிருந்து இரண்டு கரண்டி.
முதலில் எனக்கு.
எதிரே உட்கார்ந்து
என் கழுத்தையே பார்க்கிறாள் யோருன்.
“தொண்டை அசையணும்.”
அசைக்கிறேன்.
“வாயைத் திற. நாக்கைத் தூக்கு.”
தூக்குகிறேன்.
பிறகு அவள், மூக்கைப் பிடித்துக்கொண்டு,
தோள்பட்டையெல்லாம் உதறி.
மேசைக்கடியில் ஒரு பிராணி
நீதி கேட்டு அழுகிறது.

தினமும் நான்கு நிமிடம் தாமதம்.
மேஸ்திரி குறித்து வைக்கிறார்.
வைக்கட்டும்.

ஜனவரி இருபது. பள்ளிக்கு அரைநாள் விடுமுறை.
கோட்டைக்குப் பின்னால் மேட்டில் மொத்த ஊரும்,
காற்றில் சாய்ந்து, கிழக்கே பார்த்து.
சூரியன் இன்று வந்தாக வேண்டும்.
படியில் உட்காராமல் ஏறினாள் யோருன்.
நடுவில் ஒருமுறை நின்றாள்,
கையுறையைச் சரிசெய்வதாகச் சொன்னாள்.

பதினொன்றே கால்.
கடலுக்கு மேலே கம்பளியாக மேகம்.
அதன் ஓரத்தில் லேசாக ஒரு செம்பு நிறம்,
அதுவும் இருந்ததா என்று சந்தேகம்.

“வந்துடுச்சு, பிள்ளைகளா!” என்றார் டீச்சர்,
“மேகத்துக்குப் பின்னால இருக்கு.
நமக்குத்தான் தெரியல.”

எல்லோரும் கைதட்டினார்கள்.
யோருன் மட்டும்
கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“தொண்டை அசைஞ்சாத்தான் நம்புவேன்.”