ஈரக்கழிவு

பகலில் நான் எடை போடுகிறவன்.
கோத்தகிரி, கூட்டுறவு ஃபேக்டரி.
முள் நாற்பதில் நிற்கும்; மழை நாளென்றால்
முப்பத்தெட்டு என்று எழுதுவேன்.
இலையில் ஏறிய தண்ணீருக்கு யாரும் காசு தருவதில்லை.
இதற்காக எத்தனை பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள்
என்று கணக்கில்லை. படுக மொழித் திட்டு மட்டும்
கேட்கக் கொஞ்சம் அழகாக இருக்கும்.

சனிக்கிழமை இரவு, ஷம்னாவின் பேக்கரி மாடியில்
என் எண்ணை அவர்கள் கழிப்பார்கள்.

இருபது முகப் பகடை. கதை நடத்துகிறவன் நான்;
பூட்டு, பாலம், அரக்கன், அரக்கனின் கோபம் எல்லாம் நான்.
அவர்கள் மூன்று பேர்.
தாயத்தில் ஒன்று விழுந்தால் துள்ளுவோம்,
இதில் ஒன்று விழுந்தால் வாள் நழுவிச் சொந்தக் காலில் விழும்.
அதையாவது விட்டுவைத்தார்களா?
யோகராஜாவுக்கு ராத்திரிக்கு மூன்று தடவை
விழுந்ததை விழவில்லை என்று சொல்ல உரிமை.
ஷம்னா ஆட்டத்துக்கு முன்னாலேயே இரண்டு எண் உருட்டி
பில் தாளின் முதுகில் எழுதி வைப்பாள்;
யார் பகடையையும் அதுவாக மாற்றலாம்.
சுகந்தி போஜன்தான் மோசம்.
என் அரக்கன் ஜெயித்த பிறகு, ஜெயித்ததைப் பார்த்த பிறகு
"இன்னொரு தடவை போடுங்க சார்" என்பாள்.
அரவேணுவில் அவளுக்கு முக்கால் ஏக்கர்.
"அந்த ரெண்டு கிலோவை இங்க எடுத்துக்கிறேன்."

முதல் மாதம் திருடினேன்.
அட்டை மறைப்புக்குப் பின்னால் உருட்டி
ஆறு விழுந்ததைப் பதினாறு என்றேன்.
செத்திருக்க வேண்டிய அரக்கனுக்கு
ரகசியமாய் இன்னும் முப்பது உயிர்.
யாரும் கண்டுபிடிக்கவில்லை.
தராசுக்கு அடியில் கட்டைவிரல் வைக்கிற ஆளை
எனக்குத் தெரியும், அவன் முகமும்.
ஒரு ராத்திரி ஜன்னலுக்கு வெளியே மஞ்சு இறங்கி
கண்ணாடியில் அந்த முகம்.

மறைப்பை மடித்து வர்க்கி டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.
டானிங்டன் பக்கம் பொறுக்கிய கற்பூரமரக் காய்களைத்
தட்டில் கொட்டினேன். ஒரு மாற்றலுக்கு ஒரு காய்,
தட்டு காலியானால் விழுந்தது விழுந்ததுதான்.
எண்ணைச் சொல்வேன். மூன்று மூச்சு சும்மா இருப்பேன்.
அதற்குள் கேளுங்கள்.
"பாலம் அறுந்தது" என்று நான் சொன்ன பின் கேட்காதீர்கள்,
அறுந்த பாலத்தை ஒட்ட எனக்குத் தெரியாது.
இன்னொன்று எனக்கு நானே சொன்னது:
ஒரே வீச்சில் தொங்குகிற ராத்திரியை எழுதாதே.

எழுதினேன். மூன்று வாரம்.
உறைந்த ஏரியிலிருந்து எழும் அரசி;
அவள் மந்திரம் பலித்தால் மூவரும் கல்.
உருட்டினேன். பத்தொன்பது.
ஒரு மூச்சு. கீழே பேக்கரி அடுப்பு அடங்கும் சத்தம்.
இரண்டு.
சுகந்தி கடைசிக் காயை நகர்த்தினாள்.
மறுபடி உருட்டினால், மூன்று.
வீடு மாறிக் கதவைத் தட்டியவள் போல
அரசி ஏரிக்குள் திரும்பிப் போனாள்.
யோகராஜா தட்டிய தட்டில் டீ கவிழ்ந்தது.
எனக்கு வயிறு எரிந்தது, சிரித்தும் விட்டேன்.
அந்தக் கூச்சலை
என் மூன்று வாரத்தால் எழுதியிருக்க முடியாது.

திங்கட்கிழமை மழை.
சுகந்தியின் மூட்டை.
"நாற்பத்தொன்று" என்றேன். பேனா இறங்குமுன்
ஏனோ மூன்று மூச்சு.
அவள் ஸ்வெட்டர் பையிலிருந்து ஒரு காயை எடுத்து
தராசுத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.
முள் அசையவில்லை.
பின்னால் பதினேழு பேர், குடைகள், முணுமுணுப்பு.
முழங்கை வரை கையை மூட்டைக்குள் விட்டேன்.
மேலேதான் ஈரம்.
நடுவில் இலை உலர்ந்து, கொஞ்சம் சூடாகக்கூட இருந்தது.
ஒன்று மட்டும் கழித்தேன்.

அடுத்த மூட்டைக்காரர்
தன் கோட்டுப் பைகளைத் துழாவ ஆரம்பித்திருந்தார்.