படகுக் கூலி

என்காட்டா பே. ஏரிக்கரை விடுதி.
வழக்குத் தொடுப்புத் துறையின் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு
மூன்று நாள் கூட்டம், மதியம் கோழியும் சோறும்.
லிலோங்வேயிலிருந்து வந்த ஆலோசகர் கச்சிங்வே
சுவரில் ஒட்டிய தாளில் பச்சைப் பேனாவால்
பெரிதாக எழுதினார்: தொலைநோக்கு.

நான் சன்னல் வழியே பார்த்தேன்.
தொலைவில் ஏரி.
அதற்கும் தொலைவில் லிக்கோமா தீவு.
எவ்வளவு நோக்கினாலும் இங்கிருந்து தெரியாது.
அங்கே மீன் வறுத்து விற்கிறாள்
என் ஒரே சாட்சி, எனெலெஸ்.

யோபே ம்ஹாங்கோ வழக்கு. வலைத் தகராறு,
கரையில் ஒரு பிணம், ஒரு கத்தி.
கத்தி முதலில் யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி;
கேள்விக்கு ஆறு வயது.
போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில்
கூரை ஒழுகி நடுப்பக்கம் நீலமாய்க் கரைந்துவிட்டது.
மிஞ்சியவை இரண்டே வரி:
"நான் அங்கே இருந்தேன்."
"மேற்கண்டது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது."

பதினொரு வாய்தா.
கப்பல் பழுது. காற்று. நீதிபதி மாற்றம்.
மறுபடி காற்று. டீசல் இல்லை.
கப்பலுக்குக் கொடுக்கக் காசு இல்லை என்பதை மட்டும்
ஒருமுறையும் நாங்கள் மன்றத்தில் சொன்னதில்லை.
"சாட்சி வரவில்லை, கனம் நீதிபதி அவர்களே" என்போம்.
பழி ஏரியைத் தாண்டிப் போய்
அவள் தலையில் இறங்கும்.

"விரைவான நீதி"யா, "உரிய காலத்தில் நீதி"யா என்று
ஒன்றரை மணி நேரம் வாதாடினோம்.
வழக்கறிஞர்கள் அல்லவா, இரண்டுக்கும் ஆள் இருந்தது.
அந்நேரம் யோபே என்ன செய்துகொண்டிருந்திருப்பான் என்று
பிறகொரு நாள் கணக்குப் பார்த்தேன்.
வியாழக்கிழமை. ஒருவேளைச் சோளக்களி.
நூற்றிருபது பேர் கொட்டடியில்
முறைபோட்டுத் தூக்கம்.

இரண்டாம் நாள் குறியீடுகள்.
தண்டனை விகிதம் நூற்றுக்கு அறுபத்திரண்டு,
ஐந்தாம் ஆண்டில் எழுபத்தைந்து. தலையாட்டினோம்.
பின்வரிசையிலிருந்து திருமதி ஹாரா கேட்டார்:
"குற்றம் செய்யாதவன் விடுதலையானால்
அது நமக்கு வெற்றியா, தோல்வியா?"
கச்சிங்வே அதை மஞ்சள் சீட்டில் எழுதி
"பிறகு பேசலாம்" மூலையில் ஒட்டினார்.
மின்விசிறிக் காற்றில் சீட்டு
தேநீர் மேசைக்கடியில் விழுந்ததை நான் பார்த்தேன்.
எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் பக்கம் குறைக்கச் சொன்னார்கள்.
பட்ஜெட் என் பொறுப்பு.
நாற்பத்தோராவது வரி: சாட்சிகளின் படகுக் கூலி.
அதையும் நாற்பதாவதையும் சேர்த்துப்
"பங்குதாரர் போக்குவரத்து" என்றாக்கினேன்.
நானேதான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.
அட்டவணை ஒரே பக்கத்தில் அடங்கியது;
அழகாகவும் இருந்தது.

பன்னிரண்டாம் வாய்தாவில், ம்சூசுவில்,
அவள் வந்து நின்றாள்.
இரண்டு கூடை கருவாடு விற்று,
ராத்திரி முழுக்கக் கப்பல் மேல்தளத்தில் உட்கார்ந்து.
கால்மணி நேரம்கூடப் பேசவில்லை.
கத்தி செத்தவன் கையில்தான் இருந்தது.
யோபே பிடுங்கப் போனான், அவன் அதன்மேலேயே சரிந்தான்.
இதைச் சொல்ல ஆறு வருடமா என்று
அவள் என்னைக் கேட்கவில்லை.
கூண்டில் நின்றவன்
தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுந்தேன்.
அரசு வழக்கைக் கைவிடுகிறது.
மூன்றே சொல்.
அந்தக் காலாண்டில் விகிதம் அறுபத்தொன்று.

மாலை அலுவலகப் படியில் உட்கார்ந்து
வழிச்செலவைக் கேட்டாள். நியாயம்தானே.
பழைய படிவம் தீர்ந்துவிட்டது; புதியதில்
சாட்சிக்குக் கட்டம் இல்லை.
இருந்த கட்டத்தில் அவள் பெயரை எழுதி
என் பர்சிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
பெருவிரல் மையைப் பாவாடையில் துடைத்தபடி
"மேலே என்ன எழுதியிருக்கு?" என்றாள்.

படித்துக் காட்டினேன்.
"அப்படீன்னா?"
"பங்கு உள்ளவர்."
"எதில்?"

என்காட்டாவுக்குக் கடைசி மினிபஸ் ஏழு மணிக்கு.
எழுந்துவிட்டாள்.